இருக்கை எண் மூன்று

ஓசூர் சிப்காட், மூக்கண்டப்பள்ளிப் பக்கம்,
பேரிங் கம்பெனிக்கும் ஊறுகாய் கோடவுனுக்கும் நடுவே
எங்கள் ஷெட்.
பலகையில் தொழில்நுட்பத் துணிகள் என்று மட்டும் இருக்கும்.
லாரிக்குத் தார்ப்பாய் கேட்டு
வாரம் ஒருவராவது வந்துவிடுகிறார்.

நிற்கிற மனிதருக்குச் சட்டை வெட்டுவது சுலபம்.
நான் வெட்டுவது உட்கார்ந்திருப்பவருக்கு.
முழங்கால் மடங்கி,
ஏறும்போதும் இறங்கும்போதும்
இருக்கையோடு கட்டுண்டு கிடப்பவருக்கு.
முன்பக்கம் குறைத்து, பின்பக்கம் நீட்டி,
முழங்கையில் மடிப்பு மேல் மடிப்பாக.
இதைப் போட்டுக்கொண்டு எழுந்தால்
கோடீஸ்வரரும் கூன் விழுந்துதான் நடக்க வேண்டும்.
ராக்கெட்டுக்குப் போகும் வழியெல்லாம்
கேமராவுக்குக் கும்பிடு போடுவதுபோல் இருக்கிறதாம்.
நிமிர்த்தித் தர முடியுமா என்று எழுதினார்கள்.
முடியாது என்று எழுதினேன்.

காற்றுக்கு ஒரே ஒரு வடிவம்தான் தெரியும்.
எதில் அடைத்தாலும் உருண்டையாகப் பார்க்கும்.
கையுறையில் அடைத்தால்
ஐந்து விரலையும் மறக்கச் சொல்லும்.
விரல் மடக்குவது ஒவ்வொரு முறையும்
காற்றோடு ஒரு வழக்கு.
உள்ளங்கையில் பட்டை வைத்து இழுத்துக் கட்டினேன்.
வெற்றிடப் பெட்டிக்குள் கை விட்டு
ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க வேண்டும்.
ஸ்டானிஸ்லாஸ் பதினோரு முறை தவறவிட்டான்.
பன்னிரண்டாவதில் எடுத்த நாணயத்தை
இன்றுவரை திருப்பித் தரவில்லை.

தில்ஷாத் முன்பு காருக்கு ஏர்பேக் தைத்தவள்.
"அது கண் சிமிட்டுற நேரம் வீங்கினா போதும் மேடம்.
இது விடிய விடிய வீங்கிக் கிடக்கணும்."
அவள் ஊசி ஒரு துளையில் இரண்டு முறை இறங்காது.
வியாழக்கிழமை இறங்கியது,
கரண்ட் போய் வந்த அந்த ஒரு நொடியில்.

மீட்டர் முள் மயிரளவு மயிரளவாகச் சரிந்தது.
சோப்பு நுரை தடவினோம். குமிழி எழவில்லை.
ஃபேனை நிறுத்தச் சொன்னாள்.
உதட்டை ஈரமாக்கிக்கொண்டு
தையல்மேல், தொடாமல்,
தோளிலிருந்து விரல்கள்வரை போனாள்.
கட்டைவிரல் பிரியும் இடத்தில் நின்றாள்.
"இங்க குளிருது."

அது யார் விரல் என்று எங்களுக்குத் தெரியாது.
இருக்கை எண் மூன்று.
பெண், வயது அறுபத்தொன்று.
இடது தோள் வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு.
எந்தப் பையை எத்தனை வருடம் சுமந்தாரோ.
எடையற்ற இடத்தில் முதுகெலும்பு நீளும்.
திரும்பும்போது வளர்ந்திருப்பார்.
அதற்கென்று இரண்டு விரற்கடை விட்டிருக்கிறேன்,
ஜூன் மாதப் பள்ளிச் சீருடைக்கு விடுவதுபோல.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு வரி:
ஒரு பாக்கெட் வைக்க முடியுமா?
எதற்கு என்று எழுதவில்லை.
பாக்கெட் என்றால் தையல். தையல் என்றால் துளை.
ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு
காற்றைத் தொடாத மேலுறையில்,
இடது தொடைமேல்,
உட்கார்ந்தபடியே வலது கை எட்டும் இடத்தில் வைத்தோம்.

ஜன்னலைத் திறந்தால் சந்திரசூடேஸ்வரர் மலை.
நிலவைத் தலையில் வைத்திருப்பவருக்கு
ஒரு புலித்தோல் போதுமாயிருக்கிறது.
"அவருக்கு லீக் டெஸ்ட் கிடையாது" என்பாள் தில்ஷாத்.

கேபினில் காற்று இருக்கும்வரை
இந்த உடை வெறும் துணி.
ஒருநாளும் வேலைக்கு வராமல்
தொளதொளவென்று போய்த் திரும்பட்டும் என்றுதான்
இத்தனையும்.

நேற்று எட்டு மணி நேரச் சோதனை.
நாற்காலியில் உட்காரவைத்து, காற்று நிரப்பி,
விளக்கணைத்துவிட்டு வந்தோம்.
மூன்று மணிக்கு வாட்ச்மேன் முனிரெட்டியின் போன்.
"மேடம், உள்ள யாரோ ஒருத்தர்
வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்காரு.
கூப்பிட்டா திரும்பல."
கை தூக்கியிருக்கா, தொங்கிப்போச்சா என்று கேட்டேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார் போல.
"தூக்கித்தான் இருக்கு. யாரையோ நிறுத்தற மாதிரி."
சரி அண்ணே, எழுப்பாதீங்க.